மணவிழாப் படமும் மனம் நோகா விலையும்

பட்டம் பெற்றதும் அலுவலகப் படிகளையே நோக்கி நிற்கும் வழக்கம் நம் மாணவத் தோழர்களிடையே மெல்ல மாறி வருகிறது. சொந்தத் தொழில் செய்து வாழலாம் என்னும் துணிவு பிறந்துள்ளது. கேமரா ஒன்று கையிலிருந்தால் போதும், மணவிழாக்களைப் படம் பிடித்துப் பொருள் ஈட்டலாம் என்று நம்முள் பலர் கருதுகின்றனர். கேமராவை இயக்கக் கற்பது அரிதன்று. பிடித்த படத்துக்கு என்ன விலை கேட்பது, கேட்ட விலையை மனக்கசப்பின்றிப் பெறுவது எங்ஙனம் என்பவையே அரியவை. அவை குறித்துச் சில கூற விரும்புகிறேன்.

என் சிற்றப்பா சித்தூரில் வீடியோ நிலையம் நடத்துகிறார். விடுமுறைதோறும் விளக்குத் தூக்கவும் கணக்கு எழுதவும் நான் அவருடன் செல்வதுண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன்னர், அந்நகர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. திருப்பதியோ 2022-இல் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் எவ்வாறு மாறினும், இவ்விரு ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. ஆதலால் இங்குத் தொழில் செய்வோர் இருசாராரின் வழக்கங்களையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலில் விலையைக் காண்போம். “இரண்டு நாள் வேலைக்கு இருபத்தையாயிரமா?” என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதுதானா? விளக்கத்தின் பொருட்டுச் சில எண்களை நானே வைத்துக்கொண்டு கணக்கிடுகிறேன். கேமரா, லென்ஸ், விளக்கு, கணினி எல்லாம் சேர்ந்து 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். அவை நான்கு ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு 25 மணவிழாக்கள் கிடைக்கும் என்றும் கொள்வோம். அப்பொழுது ஒவ்வொரு மணத்தின் மீதும் கருவித் தேய்மானம் மட்டும் 4,000 ரூபாய். உதவியாளர் இருவர்க்கு இரண்டு நாள் கூலி, நாளொன்றுக்கு 2,000 வீதம் 8,000. எடிட்டிங் செய்ய ஐந்து நாள், 1,500 வீதம் 7,500. வண்டி, உணவு, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கு 2,500. கடை வாடகையும் மின்சாரமும் பழுது பார்ப்பும் ஆண்டுக்கு 1,50,000 எனில், ஒரு மணத்தின் பங்கு 6,000. கூட்டினால் 28,000 ஆகிறது. உரிமையாளரின் ஊதியம் இன்னும் சேரவில்லை! எதிர்க்கடைக்காரர் 25,000 சொல்கிறார் என்று நாமும் அதையே சொன்னால், விழாவுக்கு 3,000 ரூபாய் வீதம் நம் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பது வெள்ளிடைமலை. தொழில் வளர்ந்து ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டால், ஜி.எஸ்.டி. பதிவும் 18 விழுக்காடு வரியும் வந்து சேரும். அதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

வேலையில்லா நாட்களும் விலையில் அடங்கியவையே. ஆடியிலும் மார்கழியிலும் தமிழர் மணம் செய்வதில்லை. தெலுங்கர்க்கு ஆஷாட மாதம் ஆகாது. ஆனால் அவர்களுடைய மாதம் அமாவாசையோடு முடிவது. ஆகவே பெரும்பாலும் ஆடி அமாவாசை கழிந்ததும் சிராவணம் பிறந்து, அங்கே மேளச்சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். நம் வீடுகள் ஆவணிக்காகக் காத்திருக்கும். இருமொழிக் குடும்பங்களையும் வாடிக்கையாளராகப் பெற்றவர்க்கு இப்படிச் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. எனினும் நல்ல முகூர்த்த நாளொன்றில் மூவர் வந்து அழைப்பர். அடுத்த பத்து நாள் ஒருவரும் வாரார். ஒருவர்க்கு நாள் ஒதுக்கினால் மற்ற இருவரையும் இழக்கிறோம். முன்பணம் கேட்பதன் காரணம் இதுவே. நாளைக் காத்து வைப்பதற்கான அச்சாரம் அது.

இனி, வாடிக்கையாளரோடு பழகும் முறைக்கு வருவோம். தமிழ்க் குடும்பத்தார்க்குத் தாலி கட்டும் நொடியே உயிர்நாடி. தெலுங்குத் திருமணத்திலோ, இடையே திரை பிடித்திருக்க, மணமக்கள் ஒருவர் தலையில் மற்றவர் சீரகமும் வெல்லமும் சேர்த்து வைக்கும் ‘ஜீலகர்ர பெல்லம்’ சடங்கே முகூர்த்த நேரத்துக்குரியது. தாலி அதன் பின்னர் வரும். இதை அறியாதவர் அந்நேரத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார்! போன முகூர்த்தத்தை மீண்டும் நடத்தச் சொல்ல முடியுமா? ஆகவே சிற்றப்பா முதல் சந்திப்பில் பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. “எந்தச் சடங்கு விடுபடக் கூடாது? யார் யார் முகம் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும்?” என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். விலை பிறகுதான்.

திருப்பதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருமலைக் கோயிலுக்குள் கேமரா கொண்டு செல்ல இயலாது. மலைமேல் டிரோன் பறக்கவிடுவதும் தடை. வெளியூரிலிருந்து வருவோர் பலர் இதை அறியார். கோபுரத்தை வானிலிருந்து காட்டுங்கள் என்று கேட்போர்க்கு, வேலை போய்விடுமே என்றஞ்சித் தலையாட்டிவிட்டால், பின்னர் மண்டபத்திலேயே பூசல் எழும். மேலும், மலைமீதுள்ள கல்யாண வேதிகையில் புரோகிதரையும் மங்கள வாத்தியத்தையும் அளித்துத் தேவஸ்தானமே இலவசமாக மணம் நடத்திவைக்கிறது. அங்கு மணம் முடித்த பெரியவர் ஒருவர், “கல்யாணமே செலவில்லாமல் முடிந்துவிட்டது, தம்பி. படத்துக்கு இவ்வளவா?” என்றார். சிற்றப்பா சினங்கொள்ளவில்லை. “ஐயா, விலையைக் குறைக்கலாம், அதற்கேற்ப வேலையையும் குறைத்துக்கொள்வோம். கீழே வரவேற்பை மட்டும் ஒரு கேமராவில் எடுக்கிறேன். படம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இராது” என்றார். பெரியவர் மகிழ்ந்து ஒப்பினார். அதே வேலையைக் காரணமின்றிக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்பவர், முதலில் சொன்ன விலை பொய் என்று தாமே ஒப்புக்கொண்டவராகிறார் அன்றோ?

“உறவுக்காரரிடம் எழுதி வாங்குவதா? நம்பிக்கை இல்லையா?” என்று வினவுவோர் உளர். தோழர்களே, பெண் கொடுப்போரும் கொள்வோரும் பெரியோர் முன்னிலையில் லக்னப் பத்திரிகை எழுதிப் படித்துத் தாம்பூலம் மாற்றுவதில்லையா? அது நம்பிக்கையின்மையா? பேசியதை அனைவரும் ஒன்றுபோல் நினைவில் கொள்ளவே எழுதுகிறோம். எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம், படம் தரும் நாள், எத்தனை முறை திருத்தம், பணம் தரும் தவணை ஆகியவை ஒரு தாளில் அடங்கிவிடும். பாதியை முன்னதாகவும், பெரும்பகுதியை முகூர்த்தத்துக்கு முதல் நாளிலும், சிறு மீதியைப் படம் தரும்போதும் பெறுதல் நலம். பந்தல் பிரித்த பின்னர் வீடியோக்காரரை யார் தேடுவர்?

சட்டமும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். எனவே மணமகளின் படத்தை நம் நிலைய விளம்பரத்தில் போட வேண்டுமானால், அவ்வீட்டாரின் இசைவை எழுத்தில் பெறுதல் வேண்டும். திரைப்பாடல்களைச் சேர்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. மண ஊர்வலத்தில் பாடலை ஒலிக்கச் செய்வதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே பாடலைப் படத்தில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவதற்கு அவ்விலக்குப் பொருந்தாது.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் எங்கள் நிலையத்துக்கு வந்தனர். மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் படம் எடுத்தவர்கள். மணமகளின் பாட்டி வாழ்த்திப் பேசியது முடிந்த படத்தில் இல்லை. பாட்டியும் இப்போது இல்லை. மூலப் பதிவை அக்கடையில் எப்போதோ அழித்துவிட்டனர். எத்தனை காலம் வைத்திருப்பது என்று இருவரும் பேசவே இல்லை. மீட்டுத் தர முடியுமா என்று அவர்கள் கேட்டபோது, சிற்றப்பாவால் கைவிரிக்கத்தான் முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் தாளில் ஒரு வரி கூடியுள்ளது. மூலப் பதிவு முழுவதையும் டிஸ்கில் வாடிக்கையாளரிடமே ஒப்படைப்போம். டிஸ்கின் விலை கணக்கில் தனியே காட்டப்படும் என்பது அவ்வரி. சில நூறு ரூபாய்தான் வேறுபாடு. அதைக் கேட்க வெட்கப்பட்டால் இழப்பது எவ்வளவு என்பதை அன்று அம்மங்கையின் முகத்தில் கண்டேன்.

வெளிப்படையாக விலை சொல்லுதல் பேராசையன்று. அது வாடிக்கையாளர்க்கு நாம் செய்யும் முதல் பணி. இத்தொழிலில் இறங்க எண்ணும் தோழர்கள், கேமரா வாங்குமுன் ஒரு கணக்கேடு வாங்குவார்களாக!