பலகை பழையதாக இருக்கலாம், மின்சாரம் ஆகாது
பழம்பொருள், புதுவேலை – 9

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், வாசிப்பவரின் காலடியில் வரிசையாக இருக்கும் சிறு உலோகப் பெட்டிகளைப் பெடல் என்கிறோம். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி சேர்க்கும், இன்னொன்று அலையடிக்க வைக்கும். 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் கடைக்கு வந்தது. 1977-ல் பாஸ் நிறுவனம் கைக்கு அடக்கமான பெடல்களை விற்கத் தொடங்கியது. ஒன்றிரண்டு பெட்டி இருந்தவரை தரையே போதும். ஐந்தாறு சேர்ந்ததும் அவற்றை ஒரே பலகையில் பொருத்தி, வயர் இழுத்து, அப்படியே தூக்கிப்போக ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. அதுதான் பெடல்போர்டு. கடையில் அலுமினியத்தில் செய்து விற்கிறார்கள். பழைய அலமாரித் தட்டிலும் கட்டில் சட்டத்திலும் தாங்களே செய்துகொள்பவர்களும் ஏராளம். இவர்களை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு கோடு போட்டுவிட்டு. எடை தாங்கும் பொருளைக் குப்பையிலிருந்தும் எடுக்கலாம். மின்சாரம் கடத்தும் பொருளை எடுக்கக் கூடாது. முன்னதில் மிச்சமாகும் பணம் முழுவதும் பின்னதற்குப் போக வேண்டும்.

பலகையின் வேலை என்ன என்று கணக்குப் போட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பாஸ் பெடலின் அகலம் 73 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 400 கிராம். இரண்டு பெடலுக்கு நடுவே ஜாக் நுழைய 30 மில்லிமீட்டர் விட்டால், ஆறு பெடலும் 60 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த நீளத்துக்கு 30 சென்டிமீட்டர் அகலமும் 12 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளைவுட் துண்டு ஒன்றேகால் கிலோவைச் சற்றே தாண்டும். அடியில் இரண்டு ரீப்பர் கட்டை, பின்பக்கக் கட்டை கொஞ்சம் உயரமாக. காலால் மிதித்தாலும் வளையாது, பின்வரிசைப் பெடலும் எட்டும். மொத்தம் நான்கு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஐக்கியாவின் கோர்ம் என்ற பைன்மர அலமாரித் தட்டை வாங்கி வெளிநாடுகளில் பலர் பெடல்போர்டாக்கினார்கள். அதன் சட்டங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் வயர் தானாகவே இறங்கிப் போனதுதான் காரணம். அலமாரிக்காகச் செய்த பொருள் மாற்றமே இல்லாமல் இதற்கும் பொருந்தியது. மரத்திடம் நாம் கேட்பது அவ்வளவு குறைவு.

இந்தக் கோட்டை நானாக இழுக்கவில்லை. குவீன் குழுவின் பிரையன் மே, பையனாக இருந்தபோது, 1963-ல் தன் தந்தையோடு சேர்ந்து ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் கழுத்து, பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து எடுத்த மகோகனி. செல்லரித்த துளைகளில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். அதிர்வு நெம்புகோலுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. கைப்பிடியின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. விரல்பலகையின் புள்ளிகளுக்கு அவருடைய தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ரெட் ஸ்பெஷல் என்ற அந்தக் கிட்டாரைத்தான் அவர் உலகம் முழுக்க வாசித்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிடுகிறார்கள். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பையும் அவர்கள் முதலில் சொந்தமாகவே செய்தார்கள். தந்தியை வளைத்து வாசித்தபோது ஒலி சீராக வரவில்லை. அதனால் பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சானிக் பிக்கப்புகள் மூன்றை விலைகொடுத்து வாங்கிப் பொருத்தினார்கள். மரமும் இரும்பும் வீட்டிலிருந்து, மின்பகுதி கடையிலிருந்து.

பெடல்போர்டில் அந்த மின்பகுதி என்பது அடாப்டர். பரணில் கிடக்கும் பழைய மோடம் அடாப்டரை எடுத்துச் செருகலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். பெடல்களில் பெரும்பாலானவை கேட்பது 9 வோல்ட், ஜாக்கின் நடுமுனை நெகட்டிவ். வீட்டுச் சாதனங்களின் அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை பாசிட்டிவ். முனை மாறினால் பாதுகாப்பு டயோடு உள்ள பெடல் தப்பிக்கும், இல்லாதது போய்விடும். சீராக்கி இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 9 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், சுமை குறைவாக இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி வயரில் எல்லாப் பெடலுக்கும் கொடுத்தால் இன்னொரு தொல்லை. சாதாரண ஓவர்டிரைவ் பெடலுக்கு 10 மில்லி ஆம்பியர்கூடத் தேவைப்படாது. டிஜிட்டல் பெடல் நூறு, இருநூறு என்று இழுக்கும். அதன் உள்கடிகாரத்தின் சிணுங்கல் பொதுவான கிரவுண்டு வழியாக மற்றப் பெடல்களிலும் கேட்கும். பாசிட்டிவ் முனையைக் கிரவுண்டாகக் கொண்ட பழைய ஃபஸ் பெடலை அதே சங்கிலியில் மாட்டினால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். இரைச்சல் போகட்டும் என்று ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாவிட்டால் பழுது நேரும் நாளில் மின்சாரம் வாசிப்பவரின் விரலுக்கு வந்துவிடும். 1972 மே மாதம் ஸ்வான்சி நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

அதே 1972-ல் நடந்த ஒன்றை எனக்கு எதிராகக் காட்டலாம். குவீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன், லண்டனில் குப்பைப் பெட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒன்றின் கூட்டுக்குள் வைத்துச் சிறிய ஆம்ப்ளிஃபயர் செய்தார். ‘குட் கம்பெனி’ பாடலில் ஜாஸ் வாத்தியக் குழு போல ஒலிப்பது அதன் வழியே வந்த பிரையன் மேயின் கிட்டார்தான். குப்பையில் கிடந்த மின்பொருளே இவ்வளவு செய்ததே என்று கேட்பது நியாயம். ஆனால் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கையில் கிடைத்தது எதைத் தாங்கும் என்று பார்க்கத் தெரிந்தவர். அந்தப் பெட்டி சுவர் பிளக்கைத் தொடவே இல்லை. 9 வோல்ட் பேட்டரியில் ஓடியது. பேட்டரியின் மின்சாரம் சுத்தமானது, பிற கருவிகளோடு பகிராதது, ஆளைக் கொல்லாதது. தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை ஒவ்வொரு பெடலுக்கும் செய்வதும் இதைத்தான். அதை வாங்க முடியாதவர்கள், குறைவாக மின்சாரம் இழுக்கும் பெடல்களுக்குப் பேட்டரியே போடலாம். பழைய அடாப்டரைவிட அது எவ்வளவோ மேல்.

அலுமினியப் போர்டு இரைச்சலைத் தடுக்கும், மரம் தடுக்காது என்றொரு வாதமும் உண்டு. பெடலின் கூடே பெரும்பாலும் உலோகம். தடுக்க வேண்டியதை அதுவே தடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மெல்லிய அலுமினியத் தகடு ஏறக்குறைய தடுப்பதே இல்லை. பவர் சப்ளையைத் தள்ளி வைப்பதுதான் வழி, அதை மரத்திலும் செய்யலாம். பவர் சப்ளையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பலகையில் கஞ்சத்தனம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது: கையில் இருக்கும் பணம் ஒன்றுதான், அதில் அலுமினியத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் ஒலிக்குப் போகாத ரூபாய். ஒரே ஓர் எதிர்ப்பை அப்படியே ஏற்கிறேன்: எல்லாப் பழைய மரமும் நல்ல மரமல்ல. சரக்கு ஏற்றும் பேலட் கட்டைகளில் கோதுமைக் கதிர் முத்திரையோடு எழுத்துகள் பொறித்திருக்கும். ஹெச்.டி. என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அதை அறுக்கவும் வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டாம். முத்திரையே இல்லாத கட்டையையும் விட்டுவிடுங்கள். கிடைத்த நல்ல கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் ஒரு பூச்சாவது பூசிக் காய்ந்த பிறகே வெல்க்ரோவை ஒட்டுங்கள். பூச்சில்லாத மரத்தில் ஒட்டினால் பெடலைப் பிடுங்கும்போது சிம்பும் சேர்ந்து உரிந்து வரும்.

(தொடரும்)