கொச்சியில் படகில் டின்னரா? ஒரே பக்கமா கூடாதீங்க!

கொச்சி: கேரளா டூர் போகும் நம்மூர்க்காரர்கள் பலரும் எர்ணாகுளம் மெரைன் டிரைவில் சாயங்காலப் படகு ஏறத் தவறுவதில்லை. படகில் பாட்டு, ஆட்டம் உண்டு. பெரிய கப்பல் என்றால் ராத்திரி சாப்பாடும் கிடைக்கும்.

1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி அரண்மனை, வல்லார்பாடம் கண்டெய்னர் துறைமுகம், கோட்டைக் கொச்சி சீன வலைகள் என பார்க்க நிறைய இருக்கு. வெலிங்டன் தீவின் பெரும்பகுதி, துறைமுகத்துக்காக தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது.

ஆபத்தும் இங்கேதான். போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால் படகு சாயும். மேல்தளத்தில் கூட்டம் கூடினால் இன்னும் சீக்கிரம் கவிழும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ந்தேதி படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். இதில் தமிழ்நாட்டினரும் உண்டு. 2023 மே 7-ந்தேதி இருட்டும் நேரத்தில் மலப்புரம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உள்பட 22 பேர் இறந்தனர்.

எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டுவிட்டு ஏறுங்க. டிக்கெட் இல்லாத குழந்தையும் ஒரு ஆள்தான். போட்டோவில் அசிங்கமா தெரியும் என்று லைஃப் ஜாக்கெட்டை கழற்றி காலடியில் போடுவது சுத்த முட்டாள்தனம். கவிழ்ந்த பிறகு தேடி மாட்ட நேரம் இருக்காது.

கூட்டம் பிதுங்கினால் அடுத்த படகுக்கு நில்லுங்க. இல்லாட்டி ஐகோர்ட்டு படகுத்துறையில் வாட்டர் மெட்ரோ ஏறினால் கோட்டைக் கொச்சி போயிடலாம். செலவும் குறைவு. சாப்பாடு மட்டும் கரையில்தான்.