மச்சு பிச்சுவுக்கு நடந்து போக கிங்ஸ்பரியில் என்ன செய்யலாம்?

பெரு நாட்டின் மச்சு பிச்சுவுக்கு ரயிலிலும் போகலாம், நடந்தும் போகலாம். நடந்து போவதென்றால் நாலு நாள், மூன்று இரவு, சுமார் 43 கிலோமீட்டர். வழிகாட்டியோடுதான் போக வேண்டும், கூடாரத்தில்தான் படுக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் போட்ட கல்பாதை இது. நாலாவது நாள் காலையில் 'இன்டி புங்கு' என்ற சூரிய வாசலில் நின்றால், கீழே அந்தப் பழைய நகரம் தெரியும்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் வரும் பதில் வேறு. "இடிஞ்ச கல்லைப் பார்க்க நாலு நாள் நடக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?"

அவர்களுக்கு இது புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வாரக்கணக்கில் நடக்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மலை ஏறுவதற்கு முன் 41 நாள் விரதம் இருக்கிறார்கள். மலைக்குப் போவது ஒரு நாள் வேலை இல்லை, அதற்கு முன் உடம்பையும் மனதையும் வீட்டையும் ஒழுங்கு பண்ண வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். இன்காப் பாதைக்கும் அதே கணக்குத்தான். பயணம் நல்லபடி முடியுமா என்பதில் பெரும்பங்கு கிங்ஸ்பரியிலேயே தீர்மானமாகிவிடும்.

முதலில் கடவுச்சீட்டு

இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேரைத்தான் விடுவார்கள். அதில் வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் அடக்கம், அதனால் பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடம். தனியாகப் போக முடியாது, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் மூலம்தான் பதிய வேண்டும். பெப்ரவரி மாதம் பாதையை மூடிவிடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. எங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. ஆனால் உலகம் முழுக்க அதே மாதங்களைத்தான் கேட்கும், ஆகவே பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும்.

'பள்ளிக்கூடம் நடக்கும்போது கூட்டிக்கொண்டு போனால் மலிவுதானே' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தில் 2024 ஆகஸ்டில் இருந்து, அனுமதி இல்லாமல் ஐந்து நாள் பள்ளிக்கு வராவிட்டால் அபராதம் விதிக்கலாம். ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160.

அனுமதிச் சீட்டில் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் இருக்கும். அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது. எங்கள் பெயர்களில் இது கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல் கொடுங்கள். பிள்ளைகளின் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். காலாவதி கிட்டே வந்திருந்தால் பதிவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள், புதியதில் இலக்கம் மாறிவிடும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. வீட்டில் யாராவது இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் விசா விஷயத்தை முதலே விசாரியுங்கள்.

உயரம் ஆள் பார்க்காது

லிமா கடலோர நகரம். அங்கிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறங்குவீர்கள். அது சுமார் 3,400 மீட்டர் உயரம். பாதையின் இரண்டாவது நாள் 4,215 மீட்டரில் 'வார்மி வன்யுஸ்கா' கணவாய். பெயரின் அர்த்தம் 'இறந்த பெண்', படுத்திருக்கும் பெண் போன்ற மலை வடிவத்தால் வந்தது. (அம்மம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டாம்.) அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவருக்கு உயர நோய் வராது என்றில்லை. மரதன் ஓடியவரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம், அவர் பக்கத்தில் ஒரு தாத்தா சும்மா நடந்து போகலாம். உடம்பு பழகுவதற்கு நேரம் கொடுப்பதுதான் முக்கிய மருந்து. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. குஸ்கோவில் இறங்கியதும் அங்கேயே தங்காமல், 2,800 மீட்டர் அளவில் இருக்கும் ஒயந்தைதாம்போ, உருபாம்பா போன்ற ஊர்களுக்கு இறங்கிப் போய் முதல் இரவுகளைக் கழிப்பது நல்லது. நடை தொடங்க முன் குறைந்தது மூன்று நாள் வையுங்கள். விடுமுறையில் அந்த நாட்களை வெட்டித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அசெட்டசோலமைட் என்ற குளிசை பழக்கப்படுவதற்கு உதவும். எல்லோருக்கும் பொருந்தாது. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பயண மருத்துவ கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். பயணக் காப்புறுதியிலும் உயர எல்லையைப் பாருங்கள். சிலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. 4,215 மீட்டர் அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பார்ன் ஹில்லில் முப்பது தடவை

எங்கள் பக்கத்து மலை என்றால் ஃப்ரையன்ட் பூங்காவில் உள்ள பார்ன் ஹில்தான். உச்சி 86 மீட்டர். ஏற்றம் 40 மீட்டர் என்று வைத்தால்கூட, இரண்டாம் நாள் கணவாய்க்கு ஏறும் சுமார் 1,200 மீட்டருக்கு அதில் முப்பது தடவை ஏற வேண்டும். யாரும் அப்படி ஏறப் போவதில்லை. இந்தக் கணக்கு பயமுறுத்த அல்ல, அளவு புரிவதற்கு.

ஒரு மண்டலம் 48 நாள். இரண்டு மண்டலம், அதாவது ஏறக்குறைய பதினாலு வாரம், ஒதுக்குங்கள்.

முதல் மண்டலத்தில் பழக்கம் மட்டும் வரட்டும். வார நாட்களில் மூன்று தடவை முக்கால் மணி நேர வேக நடை. சனி அல்லது ஞாயிறு பார்ன் ஹில், அல்லது 'கேப்பிடல் ரிங்' பாதையில் சவுத் கென்டனில் இருந்து வெல்ஷ் ஹார்ப் வழியாக ஹென்டன் வரை, சுமார் 10 கிலோமீட்டர். வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கி முடிக்கலாம்.

இரண்டாவது மண்டலத்தில் முதுகில் பை. ஜூபிலி லைனில் ஒரு ஸ்டேஷன் போய் வெம்பிளி பார்க்கில் மாறினால் மெட்ரோபொலிட்டன் லைன் செஷம் வரை போகும். ரிக்மன்ஸ்வொர்த்துக்கும் செஷமுக்கும் இடையில் செஸ் ஆற்றோரப் பாதை 16 கிலோமீட்டர். சனி நடந்துவிட்டு ஞாயிறு திரும்பவும் நடப்பதுதான் உண்மையான பயிற்சி. களைத்த காலோடு மறுநாள் எழும்பி நடக்கப் பழக வேண்டும். முடிந்தால் ஒரு வார இறுதியில் வேல்ஸில் ஸ்னோடன் ஏறுங்கள். லன்பெரிஸ் பாதையில் 900 மீட்டருக்கு மேல் ஏற்றம்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். கணவாயில் இருந்து உடனே 600 மீட்டர் இறக்கம், மூன்றாம் நாள் அதைவிட நீளமாக, ஆயிரம் மீட்டர் அளவுக்குக் கல்படிகள். ஆகவே மாடிப்படியில் ஏறுவதோடு மெதுவாக இறங்கவும் பழகுங்கள். சப்பாத்தை இந்தப் பதினாலு வாரமும் போட்டுத் தேயுங்கள். புதுச் சப்பாத்தோடு பெருவுக்குப் போவது கொப்புளத்தை விலை கொடுத்து வாங்குவது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பயிற்சியும் வேண்டும்: குந்தியிருக்க. முகாம்களில் பல இடத்தில் நம்ம ஊர்க் கழிப்பறைதான்.

அப்பா அம்மாவும் வரலாமா?

எங்கள் குடும்பங்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "நான் சின்ன வயசில நடக்காத நடையா?" என்று அப்பா கேட்பார். சர்க்கரை வியாதியும் பிரஷரும் எங்கள் வீடுகளில் சாதாரணம் என்பதால் அதை ஆசையால் மட்டும் முடிவு செய்ய முடியாது. முதலில் ஜி.பி.யிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இன்சுலின் எடுப்பவர் என்றால் குளிரில் மருந்து உறையக் கூடாது, உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவியும் குளிரிலும் உயரத்திலும் பிழையாகக் காட்டலாம். அப்பாவுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான். 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு என்.எச்.எஸ். இலவச உடல்நலப் பரிசோதனை செய்கிறது. அந்தக் கடிதத்தை மேசையில் போட்டு வைத்திருந்தால் இப்போதாவது எடுங்கள்.

வர முடியாது என்று ஆனாலும் பயணத்தில் இருந்து அவர்களை வெட்ட வேண்டியதில்லை. ஒயந்தைதாம்போவில் இருந்து ரயில், பிறகு பஸ். மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிட சுமார் ஆயிரம் மீட்டர் கீழே. நாலாம் நாள் நீங்கள் மேலிருந்து இறங்கி வர, அவர்கள் கீழிருந்து ஏறி வரலாம். அவர்களுக்கு நேரம் குறித்த தனி நுழைவுச்சீட்டு முன்பே எடுக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு நாள் பாதையும் உண்டு. ரயில் பாதையின் 104ஆவது கிலோமீட்டரில் தொடங்கி, ஒரே நாள் நடையில் வின்யாய் வைனா இடிபாடுகளைப் பார்த்துச் சூரிய வாசலை அடையலாம். 4,000 மீட்டர் கணவாய்கள் அதில் இல்லை. அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

உங்கள் பையைத் தூக்குபவர்

கூடாரம், சமையல் பாத்திரம், உங்கள் உடுப்பு எல்லாம் வேறொருவர் முதுகில்தான் வரும். பெருவின் சட்டம் ஆண் ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ என்று எல்லை வைத்தது. அதனால்தான் உங்களுக்கு ஆறேழு கிலோ மட்டும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன, படுக்கைப் பையோடு சேர்த்து. நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது விலையை மட்டும் கேட்காமல் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள்: அவர்களுக்கு நாள் கூலி என்ன? எங்கே படுக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் மலிவு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். உருளைக்கிழங்கு பிறந்த மலைகள் அவை. நாங்கள் வற்றல் போடுவதுபோல, இரவுக் குளிரில் உறையவிட்டு வெயிலில் காயவைத்த கிழங்குக்கு 'சூன்யோ' என்று பெயர். சைவம் என்றால் கோழி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஹோட்டல்களில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி சரி, ஆனால் அந்த இலை பிரிட்டனில் தடை செய்யப்பட்டது. ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். தேநீராகக் குடித்தாலும் போதைப்பொருள் பரிசோதனையில் காட்டலாம்.

யார் திரும்புவது?

இதை விமானம் ஏறுவதற்கு முன், வீட்டு மேசையில் இருந்து பேசி முடிக்க வேண்டும். தலையிடி, குமட்டல் என்றால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. முதல் கணவாயைத் தாண்டும் முன் திரும்புவது சுலபம். தாண்டிவிட்டால் முன்னாலும் பின்னாலும் மலை.

பிள்ளைக்கு முடியவில்லை என்றால் யார் கூட இறங்குவது, அம்மாவா அப்பாவா? மற்றவர் மற்றப் பிள்ளையோடு தொடர்வதா? பெயர் சொல்லி முடிவெடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மலையில் 'இவ்வளவு காசு கட்டினோமே' என்ற எண்ணம்தான் முடிவெடுக்கும். பிள்ளைகளும் அதை உணர்வார்கள். அம்மா அப்பாவை ஏமாற்றக் கூடாது என்று தலையிடியைச் சொல்லாமல் நடப்பார்கள். நல்ல மார்க் எடுக்க வேண்டும், குழப்பக் கூடாது என்று வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆபத்து. அதனால் பயிற்சி நாட்களிலேயே பழக்குங்கள். செஷம் போகும் வழியில் பிள்ளை "ஏலாது" என்றால் அடுத்த ஸ்டேஷனில் ரயில் ஏறி வீட்டுக்கு வாருங்கள். ஏசாமல், "பரவாயில்லை, சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் 4,000 மீட்டரில் வாய் திறந்து சொல்லும்.