புகைக்கு ஒரு வழி, கசிவுக்கு ஒரு வழி

காய்ந்த எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் விழுந்ததும் எழும் நெடி பசியைக் கிளப்புகிறது. அதே நெடியோடு கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துகள்களும் அடுப்படியில் நிற்பவரின் நுரையீரலுக்குள் போகின்றன. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது வரும் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. எரிவாயுச் சுடரும் தன் பங்குக்கு நைட்ரஜன் டைஆக்சைடைச் சேர்க்கிறது. ஆகவே சமையலறைச் சிம்னியை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் வாங்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் பெட்டியில் அச்சிட்ட உறிஞ்சுதிறனையும் கண்ணாடியின் பளபளப்பையும்தான். சிம்னி ஒழுங்காக வேலை செய்வதும் ஆபத்தில்லாமல் இருப்பதும் சுவருக்குள் மறையும் இரண்டு வழிகளைப் பொறுத்தவை: புகை வெளியேறும் குழாய், கசியும் மின்சாரம் வெளியேறும் எர்த் ஒயர்.

முதலில் குழாய். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சமையலறையின் கொள்ளளவே சுமார் 23 கன மீட்டர்தான். மணிக்கு 15 முறை அந்தக் காற்றை மாற்ற 350 கன மீட்டர் போதும். பெட்டியில் 1200 என்று போட்டிருக்க வேண்டியதில்லை. அந்த 350-ஐக் கெடுப்பது குழாய். 6 அங்குலக் குழாய்க்கான வாயில் 4 அங்குலக் குழாயைச் செருகினால் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். உராய்வோ விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால், அதே அளவு காற்றைத் தள்ள ஏழு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். மோட்டார் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இரைச்சலைக் கூட்டும், காற்றைக் குறைக்கும். வளைவு கூடக் கூடத் தடையும் கூடும்; நெளிகுழாயின் மடிப்புகளில் தங்கும் எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடிக்கவும் கூடும். வழவழப்பான உலோகக் குழாய், முடிந்தவரை நேராகவும் குட்டையாகவும் வெளிச்சுவரை எட்டுவதே நல்லது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2012-ல் வெளியிட்ட சோதனையில், சிம்னிகள் பிடித்த புகையின் பங்கு 15 விழுக்காட்டுக்கும் கீழே தொடங்கி 98-ஐத் தாண்டும் வரை வேறுபட்டது. பின்பக்க பர்னரின் புகையை அவை நன்றாகப் பிடித்தன, முன்பக்கத்தில் தடுமாறின. தாளிப்பையும் பொரிப்பையும் பின் பர்னருக்கு மாற்றுவது செலவில்லாத மேம்பாடு. அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே பொதுவாக 65 முதல் 75 செ.மீ. இடைவெளி விடுகிறார்கள், அதைவிடத் தாழ்த்தினால் தீ ஆபத்து, உயர்த்தினால் புகை நழுவும்.

குழாயே இல்லாமல் கரி வடிகட்டியோடு வரும் சிம்னி போதாதா என்று கேட்கலாம். அது நெடியைக் குறைக்கும். நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் அறைக்கே திருப்பிவிடும். புகையைப் போக்குவதால்தான் தமிழில் சிம்னிக்குப் புகைபோக்கி என்று பெயர். எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு: குழாயில்லாச் சிம்னியைவிட அது மேல். ஆனால் புகை சமைப்பவரின் முகத்தைக் கடந்து அறையில் பரவிய பிறகே அதை எட்டுகிறது. சன்னலைச் சாத்தினால்தான் சிம்னி நன்றாக இழுக்கும் என்ற எண்ணமோ முழுத் தவறு. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். வர வழியில்லாவிட்டால், வெளியே போக வேண்டிய கேஸ் கீசர் புகை, கார்பன் மோனாக்சைடோடு வீட்டுக்குள் இழுபடும். உறிஞ்சுதிறனைக் கூட்டிக்கொண்டே போவது இந்த ஆபத்தையும் கூட்டுகிறது.

இனி மின்சாரம். சிம்னி மோட்டார் 200 வாட் அளவுதான், ஒரு ஆம்பியர்கூட எடுக்காது என்பதால் பலர் அதை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஆபத்து எடுக்கும் மின்சாரத்தில் இல்லை, கசிவில் இருக்கிறது. ஈரமும் பிசுக்கும் நாளடைவில் மோட்டாரின் இன்சுலேஷனைக் கெடுத்தால், உலோகப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும். ஒரு கை அதைத் தொட, ஈரமான மறு கை தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தால், உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டாலும் 230 மில்லி ஆம்பியர் பாயும்; இதயத்தை நிறுத்த அது போதும். எர்த் ஒயர் அந்த மின்சாரத்துக்கு எளிதான வேறு வழி காட்டுகிறது. பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதும் இதற்காகத்தான்: அது முதலில் சேர வேண்டும், கடைசியில் பிரிய வேண்டும்.

மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. வீட்டு எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால் கசிவு 11.5 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது, பெட்டியில் மின்சாரம் நின்றபடியே இருக்கும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் இங்கே காவல். சாக்கெட்டில் மூன்று துளை இருப்பதும் சான்றாகாது. பின்னால் எர்த் ஒயர் இல்லாமலும் இருக்கலாம். அதைவிட மோசமாக, எர்த்தை நியூட்ரலோடு முடிந்தும் வைத்திருக்கலாம். அப்போது நியூட்ரல் அறுந்தால் பாதுகாப்பு ஒயரே சிம்னிப் பெட்டிக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும்.

கட்டி முடித்த வீட்டில் சுவரைத் துளைத்து எர்த் இழுப்பது செலவு என்பது மறுக்க முடியாத குறை. உறிஞ்சுதிறன் குறைந்த சிம்னியே போதும் என்பதால், அதில் மிச்சமாகும் பணம் இங்கே போகட்டும். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்த பிறகே பிளக் ஏற வேண்டும். சாக்கெட் அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். புதிதாகக் கட்டுபவர்களுக்கோ வேலை இன்னும் எளிது: டைல்ஸ் ஒட்டும் முன்பே வெளிச்சுவரில் ஆறு அங்குலத் துளையும், அதன் அருகில் ஒரு பச்சை எர்த் ஒயரும் காத்திருந்தால் போதும்.