பாயும் அடுப்பும் ஏறிய வண்டிகள்

கெலமங்கலம் சந்தையில் சற்று நேரம் நின்றால் போதும், தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கும் காதில் விழும். தொழிற்சாலைகள் பெருகிய பிறகு இந்தியும் சேர்ந்துகொண்டது. ஊர் என்னவோ சிறிய பேரூராட்சிதான். ஆனால் பக்கத்து ஓசூரைத் தொட்டுக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 44, ஒரு முனையில் ஸ்ரீநகரிலும் மறுமுனையில் கன்னியாகுமரியிலும் போய் நிற்கிறது. நாட்டிலேயே நீளமான சாலை அது; மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல்.

அந்தச் சாலையில் சில ஆண்டுகளாகப் புது மாதிரி வண்டிகள் கண்ணில் படுகின்றன. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. சினிமா படப்பிடிப்புக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த கேரவன் இப்போது பெங்களூரில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் இதை ஆர்.வி. என்கிறார்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் அதில் ஏறி ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு மாதக்கணக்கில் போவார்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வண்டியையே வீடாக்கிக்கொண்டு நாட்டைச் சுற்றும் ஆசை இங்கும் தொற்றியிருக்கிறது.

நல்ல ஆசைதான். ஆனால் சமைக்கும் பாத்திரத்தையும் படுக்கும் பாயையும் ஏற்றிக்கொண்டு நாட்டைக் குறுக்கே கடப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அப்படிப் போனவர்கள் யார், எத்தனை பேர் சேர்ந்து போனார்கள், வழியில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு.

ரொம்பப் பின்னால் போனால் லம்பாடிகள். மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ், திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய்விட்டு, இழுவை மாடுகள் செத்து, தானியம் தீர்ந்து, திரும்ப நேர்ந்தது. ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் கைப்பற்றியதற்கு முக்கியக் காரணமே கீழ்ச்சமவெளியிலிருந்து மேலே பொருள் ஏறிவரும் கணவாயைத் திறந்து வைப்பதுதான். அந்தப் படைக்குத் தானியம் கொண்டுவந்து விற்றவர்கள் லம்பாடி வணிகர்கள். அவர்களிடம் வண்டி கிடையாது. ஆயிரக்கணக்கான பொதிமாடுகளின் முதுகில் மூட்டை. கூடவே பெண்கள், பிள்ளைகள், நாய்கள். இறங்கிய இடத்தில் அடுப்பு, பொதிகளை அடுக்கியதே சுவர். ரயில் வந்ததும் அந்த வணிகம் படுத்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இன்றும் லம்பாடிக் குடியிருப்புகளான தாண்டாக்கள் உள்ளன. ஊர் ஊராகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நிலத்தில் தக்காளி நடுகிறார்கள்.

அதற்குப் பிறகு கூண்டு வண்டிக் காலம். ஓசூர் சந்திரசூடேசுவரர் தேருக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் ராகி மாவும் பாத்திரமும் கட்டிக்கொண்டு குடும்பமாகப் போனதைச் சொல்லும் பாட்டிகள் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. அது கோயில் பயணம், சில நாளில் திரும்பிவிடும்.

நாட்டைக் கடந்தது லாரி.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது எழுபதுகளில். அசோக் லேலண்ட் ஆலை 1980இல் தொடங்கியது. அதன்பின் இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு மூன்று வழி இருந்தது: ஆலை, தோட்டம், லாரி. அப்போது இந்தச் சாலையின் எண் 7. வாரணாசியில் கிளம்பி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர் வழியாகக் கன்னியாகுமரி சேரும். ஒரு நடை கிளம்பினால் லாரியில் மூன்று பேர்: இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். இரண்டு டிரைவர் என்பது முதலாளியின் தயவு அல்ல, சட்டம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே நேஷனல் பர்மிட் கனரக லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றன. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் அகலம் முழுக்க, மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்க ஓர் இருக்கையும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. சக்கரத்தின் மேல் ஒரு படுக்கையை அந்தச் சட்டம் கொடுத்தது சுற்றுலாப் பயணிக்கு அல்ல, லாரிக்காரருக்கு.

அந்தக் கேபினுக்குள் ஒரு குடித்தனம் நடந்தது. பம்ப் ஸ்டவ், அலுமினியச் சட்டி, அரிசி மூட்டை, புளி, மிளகாய்த்தூள், தண்ணீர் கேன். கெலமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் ராகி மாவும் ஒரு பை இருக்கும். புளியமர நிழல் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவார்கள்; ஒருவர் டயரைத் தட்டிப் பார்ப்பார், ஒருவர் குளிப்பார், கிளீனர் சோறு வடிப்பான். பக்கத்தில் இன்னொரு தமிழ்நாட்டு லாரி நின்றால் குழம்பு கைமாறும். ஊரிலிருந்து சேதி வேண்டுமென்றால் அடுத்த புக்கிங் ஆபீஸ் வரை காத்திருக்க வேண்டும். எஸ்.டி.டி. பூத்து வந்த பிறகுதான் நடுவழியில் மனைவியின் குரலைக் கேட்க முடிந்தது.

கிளீனர் வேலையைக் கடைநிலை வேலை என்று சொல்லிவிடலாம். அடியும் திட்டும் வாங்கிய பையன்கள் ஏராளம். என்றாலும் தார்ப்பாய் கட்டவும், பட்டை சோதிக்கவும், இந்தி பேசவும், எந்தக் காட்டில் இரவில் நிற்கக்கூடாது என்று அறியவும் வேறு பள்ளிக்கூடம் இருக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் கொடுங்கண்ணே" என்று கேட்டுக் கேட்டு, காலியான ரோட்டில் ஸ்டீயரிங் பிடித்தவர்கள்தான் பிறகு பத்து வீல், பன்னிரண்டு வீல் என்று ஓட்டினார்கள்.

அவர்களைவிடக் கடினமான பயணம் சேசிஸ் டிரைவர்களுடையது. அதை யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். அப்போது ஆலையிலிருந்து லாரி முழுசாக வெளியே வராது. எஞ்சின், சக்கரம், நீளச் சட்டம், முன்னால் ஒரு முகப்பு, அவ்வளவுதான். கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் கட்டப்படும். வடநாட்டு வண்டியென்றால் வடக்கே போய்ச் சேர வேண்டும். தற்காலிகமாகப் பொருத்திய ஓர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியும் தலைக்கவசமும் மாட்டி, முகத்தைத் துணியால் சுற்றி, கூரையும் கதவும் இல்லாத அந்தச் சட்டத்தை ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஒப்படைத்துவிட்டு, ரயிலேறி ஊர் திரும்புவார்கள். பிறர் வீடாக்கிக்கொள்ளப் போகும் வண்டியில், வீடு இல்லாமல் நாட்டைக் கடந்தவர்கள். முழுக் கேபினோடு வெளிவரும் வண்டிகள் இன்று பெருகியிருக்கின்றன. ஆனாலும் வெறும் சேசிஸாக விற்பது நிற்கவில்லை.

சாலை மாறியது 1999க்குப் பிறகு. தங்க நாற்கரத் திட்டம் சென்னை–பெங்களூர்ப் பகுதியைக் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நாலுவழியாக்கியது. ஓரத்துப் புளியமரங்கள் போயின. நின்று சமைக்க நிழலும் போயிற்று. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து, ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லையில் வரிக்காகக் காத்துக் கிடந்த வரிசை கலைந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமாகி, சுங்கச்சாவடியில் சில்லறைக்குச் சண்டை போடுவதும் குறைந்தது. இவை எல்லாம் உண்மையான நன்மைகள். செக்போஸ்ட்டில் கைநீட்டியவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து பேட்டாவில் பாதியை இழந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

எல்லை என்பது காகிதத்தோடு முடிவதுமில்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. ஓசூரில் லாரிகள் நிறுத்தப்பட்டன. கலாசிபாளையம் சந்தைக்குப் போக வேண்டிய காய்கறியோடு காத்திருந்தவர்களுக்கு அன்று இருந்த ஒரே வீடு கேபின்தான்.

ஆனால் சாலையில் வேகம் கூடியபோது வண்டிக்குள் ஆள் குறைந்தது. 2018இல் இரண்டு ஓட்டுநர் என்ற கட்டாயத்தை மத்திய அரசு நீக்கிவிட்டது. ஓட்டுநர் கிடைக்கவில்லை, வண்டியின் இருப்பிடத்தைக் கருவி காட்டுகிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கருவி வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும், ஓட்டுபவர் கண் செருகுவதைத் தடுத்து ஸ்டீயரிங் பிடிக்காது. சரக்கோடு போகும் இ-வே பில்லுக்கும் ஒரு கெடு உண்டு: பொதுவாக இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள். கெடுவுக்குள் முடித்தால் மட்டும் போதாது, அடுத்த லோடு பிடிக்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. தனியாளாக நெடுந்தூரம் ஓட்டுபவரிடம் அந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்பார்.

கிளீனரும் மறைந்துவிட்டான். அவனோடு ஸ்டவ்வும் போயிற்று. வண்டியை ஓட்டி, பில் காட்டி, தார்ப்பாய் சரிபார்த்து, சோறும் வடிக்க ஒரே ஆளால் முடியாது. ஆகவே ஓட்டல், தாபா, பொட்டலம். புதிதாக ஓட்டுநர் உருவாகும் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, ஓட்டுநர் கிடைக்கவில்லை என்கிறோம். கெலமங்கலம் ஒன்றியத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸின் பெரிய ஆலை வந்து, வெளிமாநிலப் பெண்கள்கூட ரயிலேறி வேலைக்கு வருகிறார்கள். சம்பளமும் வாராந்திர விடுமுறையும் உள்ளூரிலேயே கிடைக்கும்போது எந்தப் பையன் நாக்பூர் வெயிலுக்குப் போவான்? போகாததும் நியாயம்தான்.

இந்த இடத்தில்தான் கேரவனை நான் பார்க்கிறேன். அதன் மேல் எனக்கு வெறுப்பில்லை. நெடும்பயணத்தில் நம் பெண்கள் பட்ட பெரிய அவதி கழிப்பறை. தண்ணீர் குடிக்காமலே காசி போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். சமையல்காரரை ஏற்றிக்கொண்டு போகும் நம் காசி யாத்திரைப் பேருந்துகள் சோற்றுப் பிரச்சினையைத் தீர்த்தன, இதைத் தீர்க்கவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவும் சர்க்கரை நோயுள்ள அப்பாவும் கேரவனில் ஹம்பி பார்த்துவர முடிகிறதென்றால் அது பெரிய காரியம். வாடகைதான் இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஒரே சாலையில் இரண்டு வீடுகள் போகின்றன என்பதை மட்டும் மறக்க முடியவில்லை. விடுமுறைக்கு வந்தவரின் வீட்டில் குளிர்சாதனம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆண்டெல்லாம் அதிலேயே வாழ்பவரின் கேபினுக்கு அது கட்டாயமானது 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் லாரிகளில்தான். பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டு ஓடும். எஞ்சின் சூட்டில் அவற்றின் ஓட்டுநர்கள் வேகத்தான் போகிறார்கள்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்குப் போகும் சாலையும் இப்போது பெரிய நெடுஞ்சாலையாகிவிட்டது. ஆலைகளுக்கு வரும் லாரிகள் சிப்காட் ஓரங்களில் வரிசையாக நிற்கின்றன. டேங்கின் நிழலில் பாய் விரித்து ஆள் படுத்திருக்கிறார். எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் பங்க்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் ஓட்டுநர்களுக்குக் கட்டிலும் குளியலறையும் தரத் தொடங்கியிருக்கின்றன. வரவேற்க வேண்டியது, ஆனால் இன்னும் பல மடங்கு வேண்டும். கேரவன் நிறுத்துமிடத்துக்குத் தேவையானவை நல்ல தண்ணீர், மின் இணைப்பு, கழிவு இறக்கும் குழி, திருட்டுப் பயமில்லாத இரவு. லாரிக்காரருக்கும் இவையேதான் வேண்டும். கூடுதலாக ஒரு பொது அடுப்படி. கெலமங்கலம் பக்கம் அப்படி ஒரு நிறுத்துமிடம் கட்டப்படுமானால், இரண்டு வண்டிகளும் ஒரே வாசலில் நுழையும்படி கட்டட்டும். லாரிக்கான இடத்தை முதலில் அளந்து விட்டுவிட்டு, மீதியில் கேரவன் நிற்கட்டும்.