பிள்ளைகளும் வீட்டு வேலையும்



பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைக்காட்டிலிருந்து திரும்பும் ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர். காலில் சேறு, உடுப்பில் பால் வாடை. வீட்டுக்குள் நுழைந்தால், காலையில் பசியாறிய மங்குகள் கழுவாமல் கிடக்கின்றன. கொடியில் துணி காய்ந்து விறைத்து நிற்கிறது. பையன்கள் இருவர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். மூத்த பெண் மட்டும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசி களைகிறாள். “இவள் ஒருத்திதான் எனக்கு ஒத்தாசை” என்று அந்தத் தாய் பெருமையாகச் சொல்வார். இன்று நாம் பேசப்போவது அந்த ஒருத்தியைப் பற்றித்தான்.

நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். கணக்குப் பாடத்தில் தூங்கி விழுவாள். கண்டித்தோம். ஒரு நாள் பாடம் முடியும்வரை நிற்கவும் வைத்தோம். பிறகு ஒரு மாலையில் அவள் வீட்டுக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. நாலரை மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, தம்பிகளைக் குளிப்பாட்டி, உடுத்திப் பள்ளிக்குக் கூட்டி வருபவள் அவள்தான். பெரிய தம்பிக்கு வயது ஒன்பது. தன் காலுறையைத் துவைக்கத் தெரியாத ஒன்பது வயது! அவளை நிற்க வைத்தது தவறு என்று அவளிடம் சொல்ல நமக்கு இரண்டு நாள் பிடித்தது.

பிள்ளைகள் வீட்டு வேலை செய்யக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைகள் கை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், வேலை ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் விழக் கூடாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தோம். இத்தாலி நாட்டு மருத்துவர். 1907ஆம் ஆண்டில் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சிறு குழந்தைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. நம் ஆயாக் கொட்டகையைப் போன்றதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குழந்தைகளுக்குக் கூட்டுவது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது எல்லாம் பாடமாக இருந்தன. அவர்கள் அளவுக்குச் சிறிய பொருள்களைக் கொடுத்தார்கள். இந்த வேலைகளைக் குழந்தைகள் விளையாட்டை விட விருப்பமாகச் செய்தார்கள்.

நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் கையிலிருக்கும் துடைப்பத்தைப் பிடுங்கும். நாம் என்ன செய்கிறோம்? “போ, தொந்தரவு பண்ணாதே” என்று விரட்டுகிறோம். அதே குழந்தை பத்து வயதில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது சோம்பேறி என்று ஏசுகிறோம். ஆசை இருந்த காலத்தில் விரட்டிவிட்டு, ஆசை போன பிறகு கூப்பிட்டால் எப்படி வரும்? நீளமான துடைப்பம் தேய்ந்து குட்டையாகிப் போனால் எறிந்துவிடாதீர்கள். சின்னவனுக்கு அது சரியான அளவு. அவன் கூட்டிய இடத்தை அவன் கண்ணெதிரே திரும்பக் கூட்டாதீர்கள். வெங்காயம் பொறுக்கிக் கூடையில் போடுவது, காய்ந்த துணியில் தன் துணியைப் பிரிப்பது, செருப்புகளைச் சோடியாக வைப்பது, இவை நான்கு, ஐந்து வயதுக்குப் போதும்.

பள்ளிக்கு வரத் தொடங்கியவர்கள் தங்கள் தட்டைக் கழுவலாம், பள்ளிப் பையை முதல் நாள் இரவே அடுக்கி வைக்கலாம், கடைக்குப் போய் மீதிக் காசை எண்ணி வாங்கி வரலாம்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் உண்மையான உதவி கிடைக்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு முழு வேலையைப் பொறுப்பாகக் கொடுங்கள். ஒன்று சொல்கிறோம்: ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைத் தேடிக் கொட்டுவது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகிறது. ஆகவே வாரம் ஒரு முறை பார்த்தால் பிடித்துவிடலாம். ஆனால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். தொட்டி, வாளியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வீட்டோரம் கிடக்கும் பால் மங்கு எல்லாம் பையனின் கண்ணில்தான் முதலில் படும். அறிவியல் பாடத்தில் படித்த நெளிபுழுவை அவன் கண்ணால் பார்ப்பான்.

சோறு பொங்கவும் இந்த வயதில் பழக்கலாம். அரிசியை மட்டமாக்கி, அதன் மேல் விரல் வைத்து, முதல் கணுவரை தண்ணீர். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அடுத்த நாள் சேர்ந்து செய்யுங்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகுதான் தனியே விட வேண்டும். கொதிக்கும் கஞ்சியை வடிப்பதும், கொதிநீர்ப் பாத்திரத்தைத் தூக்குவதும் பெரியவர் வேலை. எத்தனை வேகமான பிள்ளையாக இருந்தாலும் இதில் இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். மருந்தடிக்கும் உடுப்பைப் பிள்ளைகளிடம் துவைக்கக் கொடுக்கக் கூடாது. மருந்து வந்த கலனைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளவும் கூடாது. பாராகுவாட் 2020ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் தீங்கற்றவை என்று ஆகிவிடாது. உதிரிப் பழம் பொறுக்கப் பள்ளி நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் வீட்டு வேலை ஆகாது.

ஆண்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். அந்த மாணவியின் தாயாரிடம் தம்பிகளுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கச் சொன்னோம். “ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்?” என்றார். நாம் கேட்டோம்: “அம்மா, நம்ம தாத்தாமார் நிறையப் பேர் தனியாளா வந்தாங்களே, அப்போ லயத்துல அவங்களுக்குச் சோறு பொங்கினது யாரு?” அவர் சிரித்துவிட்டார். திண்ணையில் இருந்த பாட்டிதான், “எங்க அப்பா வைக்கிற கருவாட்டுக் குழம்பு மாதிரி எங்க அம்மாவுக்கு வராது” என்று நம் பக்கம் பேசினார். தந்தையர் கவனத்துக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைத்தால், பையனுக்கு யாரும் வேறு பாடம் நடத்த வேண்டியதில்லை.

வேலைக்குக் காசு கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அன்றாட வேலைக்கு வேண்டாம் என்பது நம் எண்ணம். பிறகு காசில்லாத நாளில் தண்ணீர்கூட எடுத்துத் தரமாட்டார்கள்.

அந்த வீட்டில் ஒன்பது வயதுக்காரன் பாத்திரம் கழுவவும் காலுறை துவைக்கவும் தொடங்கினான். முதல் மாதம் சவர்க்காரம் இரண்டு மடங்கு செலவானது. ஒரு தட்டும் உடைந்தது. தாயார் பொறுத்துக்கொண்டார். மூத்தவளுக்கு மாலையில் நான்கு மணிமுதல் ஐந்துவரை மேசையும் விளக்கும் சொந்தமாயின. கணக்குப் பாடத்தில் அவள் அதன் பிறகும் சில நாள் தூங்கியதுண்டு. நாம் எழுப்பவில்லை.