கேட்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன்!



அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் நாம் ஆடுகிற விளையாட்டு உங்களுக்குத் தெரியும். ஒருவன் மனசுக்குள் ஒரு பெயரை நினைத்துக்கொள்வான். மற்றவர்கள் கேள்வி கேட்கணும். அவன் 'ஆமாம்', 'இல்லை' என்று மட்டும்தான் சொல்வான். இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். "வேலை வெட்டி இல்லாத பசங்க!" என்று பக்கத்து சீட் பெரியவர் முணுமுணுப்பார். நிஜமாகவே இது வெட்டி வேலையா?

நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. பாட்டி போடுகிற விடுகதைக்குத் தொல்காப்பியத்தில் 'பிசி' என்று பெயர். செய்யுள் வகைகளோடு அதற்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்க வானொலியில் 1946-லேயே 'இருபது கேள்விகள்' ஒரு நிகழ்ச்சியாக வந்தது.

ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போமா? நம் இரண்டு மாவட்டங்களில் உள்ள ஒன்றை நினைத்திருக்கிறேன். கேளுங்கள்!

"கங்கைகொண்ட சோழபுரமா?" - இல்லை. (அவசரக் குடுக்கை! ஒரே ஒரு பெயர்தான் கழிந்தது.)

"பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளதா?" - ஆமாம். (அரியலூர் மாவட்டமே கழிந்துபோச்சு!)

"மனுஷன் கட்டினதா?" - இல்லை. (ரஞ்சன்குடி கோட்டையும் எல்லாக் கோயில்களும் அவுட்.)

"உயிர் உள்ளதா?" - இல்லை.

"முன்னாடி உயிர் இருந்ததா?" - ஆமாம்!

பிடித்துவிட்டீர்களே! சாத்தனூர் கல்மரம். பல கோடி வருஷங்களுக்கு முன் புதைந்து, கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற அடிமரம்.

சூட்சுமம் புரிகிறதா? நல்ல கேள்வி மிச்சம் இருப்பதைப் பாதியாக வெட்டும். அப்படி வெட்டினால் 10 கேள்வியில் 1,024 பெயர்களிலிருந்து ஒன்றைப் பிடிக்கலாம். 20 கேள்வியில் 10,48,576-லிருந்து! கம்ப்யூட்டரின் 1, 0 என்பதும் இதே ஆமாம், இல்லைதான்.

இது நம் லேபிலும் உதவும். வரிசையாக 16 இணைப்புகள், ஏதோ ஒன்றில் கோளாறு. ஒன்று ஒன்றாகத் தடவினால் 15 தடவைகூட ஆகலாம். நடுவில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரிந்தால் அந்தப் பாதி நல்லது. எரியாவிட்டால் கோளாறு அதற்குள்ளேயே. நாலே சோதனையில் ஆள் மாட்டும்!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். முதல் வருஷம் வகுப்பில் வாயே திறக்கமாட்டேன். தப்பாகக் கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். வைவா என்றாலே காய்ச்சல் வரும். அந்த பஸ் விளையாட்டில்தான் ஒன்று உறைத்தது: 'இல்லை' என்ற பதில் அவமானம் இல்லை, அதுவும் ஒரு துப்பு. மனுஷன் கட்டினதா என்று கேட்டு 'இல்லை' வாங்கியதால்தானே கல்மரம் கிடைத்தது? இப்போது கையைத் தூக்கிக் கேட்கிறேன். சிலர் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும், அடுத்த கேள்வியும் என்னிடம் இருக்கிறதே!

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை பஸ்ஸில் ஜன்னலோரம் ஊமையாய் உட்கார்ந்திருக்கும் ஜூனியரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி அவனுடையதாக இருக்கட்டும்!

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை